கண்மாயில் விட்டுவிடலாமா, டாக்டர்?

மதுரைப் புறநகரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு சகோதரி, பிராணி மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதம் நீளம், அதன் சாரம் இதுதான்.

தை மாதம் கணவருடைய நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து ஐந்து குட்டித் தேரைகளை வாங்கி வந்து, இவர்களுடைய பத்து வயதுப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். முதுகு பளிச்சென்ற பச்சை, அதில் கறுப்புத் திட்டு, வயிறு செக்கச்செவேல். கடையில் சொன்ன பெயர் ஃபயர் பெல்லி, அதாவது நெருப்பு வயிற்றுத் தேரை. "மீன் மாதிரிதான், தண்ணி ஊத்தி வெச்சா போதும், ரெண்டு வருஷம் இருக்கும், வீட்டுக்குப் பணம் வரும்" என்றும் சொன்னார்களாம். வீட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டடி மீன் தொட்டியில், கப்பி மீன்களோடு சேர்த்து விட்டிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் கப்பி எல்லாம் காலி. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியே கிளம்பிப் போய், மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தால் ஒரு தேரை செத்து மிதக்கிறது. மீதி நான்கில் ஒன்று எலும்பும் தோலுமாக இருக்கிறது, கடையில் கொடுத்த உருண்டைத் தீனியைத் தொடுவதே இல்லை. இன்னொன்றுக்கு வலிப்பு வருகிறது, முதுகை வில்லாக வளைத்து, கைகால்களைத் தூக்கிக்கொண்டு அப்படியே விறைத்துப்போகிறது, பையன் தொட்டால் உடனே வருகிறது என்கிறார். பையன் அதைப் பிடித்த கையால் கண்ணைத் தேய்த்து, கண் சிவந்து எரிந்து, கண் டாக்டரிடம் ஓடியிருக்கிறார்கள். வீட்டில் இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தையும் உண்டு. தேரை தோஷம் தட்டிப் பிள்ளை தேய்ந்துவிடும், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் மேலூர்ப் பக்கம் நம் ஊர்க் கண்மாயில் விட்டுவிடுவோம் என்று மாமியார் ஒற்றைக்காலில் நிற்கிறார். கீழ்வீட்டுக்காரர், வனத்துறை வந்து பிடிக்கும் என்று பயமுறுத்தியிருக்கிறார். பையனோ, விட்டால் சாப்பிட மாட்டேன் என்று அழுகிறான்.

"எனக்கு யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. கண்மாயில் விட்டுவிடலாமா, டாக்டர்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிப்பதற்குள் மாமியார் பஸ் ஏறிவிடக் கூடாது. விடக் கூடாது. கண்மாயிலும் வேண்டாம், ஊருணியிலும் வேண்டாம், வைகையிலும் வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் தேங்கியிருக்கும் மழைத்தண்ணீரிலும் வேண்டாம். நீங்கள் இதைக் கருணையாக நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. தவளை இனம், கண்மாயில் ஏற்கெனவே தவளைகள் இருக்கின்றன, அதோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இது நம் ஊர் உயிர் இல்லை. இதனுடைய சொந்த இடம் கொரியா, சீனாவின் வடகிழக்கு மூலை, அதற்கு மேலே ரஷ்யாவின் கிழக்குக் கடற்கரை. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துபோகும் தேசம். அங்கே கல்லுக்கடியிலும் மட்கிய மரத்துக்குள்ளும் ஒடுங்கிக் கிடந்து, வசந்தத்தில் வெளியே வந்து, ஓடை ஓரத்திலும் வயலிலும் இரை தேடும். மேலூர்க் கண்மாயில் கோடை வெயிலில் அது பிழைப்பது சந்தேகம்.

"சரி, செத்தால் நாலு தேரைதானே" என்று யாராவது சொன்னால், அங்கேதான் சிக்கல் இருக்கிறது. உலகம் முழுக்கத் தவளைகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற கைட்ரிட் என்ற ஒரு பூஞ்சை உண்டு. தோலைத் தாக்கும். தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கிறது, தோலாலும் மூச்சு விடுகிறது, ஆகவே தோல் கெட்டால் உயிர் போய்விடும். 2019-இல் வந்த கணக்குப்படி இந்தப் பூஞ்சையால் குறைந்தது 501 இனங்கள் எண்ணிக்கையில் சரிந்திருக்கின்றன, அவற்றில் 90 இனங்கள் அடியோடு அழிந்திருக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு, 2018-இல், பூஞ்சையின் மூலத்தைத் தேடிப் போனவர்கள் கொரியத் தீபகற்பத்தில் போய் நின்றார்கள். செல்லப்பிராணியாக விற்கப்பட்ட இதே நெருப்பு வயிற்றுத் தேரைகளின் தோலிலிருந்தும் அந்தப் பூஞ்சையை எடுத்தார்கள். நெடுங்காலம் கூடவே வாழ்ந்த இனம் என்பதால் இந்தத் தேரை நோயைச் சுமந்துகொண்டு தெம்பாகவே இருக்கலாம், பக்கத்தில் இருக்கும் தவளைதான் சாகும். உங்கள் நான்கிலும் பூஞ்சை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

மாமியார் ஊர் மேலூர்ப் பக்கம் என்கிறீர்கள். அந்தப் பக்கத்து அரிட்டாபட்டியைத்தான் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அந்த வட்டாரத்துக் கண்மாயும் சுனையும் எத்தனை உயிரைத் தாங்குகின்றன என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. டேங்க் கிளீனர் மீனைப் பற்றி அவரிடமே கேளுங்கள். யாரோ தொட்டியைக் கழுவும்போது பாவம் என்று குளத்தில் விட்ட மீன் இன்றைக்குத் தமிழ்நாட்டின் எத்தனையோ ஏரி, கண்மாய்களில் பெருகி, முள்ளால் வலையைக் கிழிக்கிறது, தின்னவும் உதவாது. அதையும் இரக்கப்பட்டுத்தான் விட்டார்கள். இப்படிச் சொன்னால் அவர் ஒரு நொடியில் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன்.

தொட்டியைக் கழுவும் தண்ணீரையும் வெளியே ஓடும் வாய்க்காலில் கொட்டாதீர்கள். கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் வைத்திருந்து கழிவறையில் ஊற்றிவிடுங்கள்.

விஷமா, தோஷமா?

இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். விஷம் உண்டு, ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. இதன் தோலில் சுரக்கும் பால் போன்ற திரவம் காயத்தில், கண்ணில், வாயில் பட்டால் நன்றாக எரியும். பையனுக்கு நடந்தது அதுதான். நீங்கள் உடனே தண்ணீர் விட்டுக் கழுவியதும், டாக்டரிடம் காட்டியதும் ரொம்பச் சரி. கப்பி மீன்கள் செத்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும், சிலவற்றைத் தேரையே விழுங்கியும் இருக்கலாம். தேரையின் சுரப்பு ஊறிய தண்ணீர் மீனுக்கு ஆகாது. தண்ணீரை மாற்றாமல் விட்டால் அந்தத் தேரைக்கே ஆகாது. (இதன் ஐரோப்பிய உறவுக்காரத் தேரையின் தோலிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்த பாம்பெசின் என்ற பொருள், அதன் பின் புற்றுநோய் ஆராய்ச்சி வரை போயிருக்கிறது. பையனுக்கு இதைச் சொல்லுங்கள், இந்த வயதில் இப்படி ஒரு செய்தி மனதில் நின்றுவிடும்.)

வலிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அது வலிப்பு இல்லை. முதுகை வளைத்து, கைகால்களைத் தூக்கி, சிவப்பு தெரியும்படி விறைத்து நிற்பது இந்த இனத்தின் தற்காப்பு. கொத்த வரும் பறவைக்கு "நான் கசப்பேன், தின்னாதே" என்று வயிற்றைக் காட்டிச் சொல்கிறது. பயம் அதிகமானால் மல்லாந்தே படுத்துவிடும். பையன் தொட்டவுடன் வருகிறது என்றால், பையனைப் பார்த்து ஒவ்வொரு முறையும் சாவுக்குப் பயப்படுகிறது என்று அர்த்தம். அவன் விளையாட்டாகச் செய்கிறான், தேரைக்கு அது விளையாட்டு இல்லை. இதை அவனிடம் திட்டாமல் சொல்லுங்கள்.

இப்போது தோஷம். தேரை மேலே விழுந்தால் பிள்ளை மெலிந்துபோகும் என்பது நம் பக்கம் காலங்காலமாகச் சொல்வது. நான் உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்த்த நாட்களில், மாட்டுக்கு ஊசி போடப் போன வீடுகளில் எல்லாம் கேட்டிருக்கிறேன். குழந்தை தேய்வதற்குச் சத்துக்குறைவு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, குடற்புழு, சில சமயம் காசநோய் என்று காரணங்கள் உண்டு, தேரையின் பார்வையோ நிழலோ காரணம் இல்லை. உங்கள் பாப்பாவின் எடையை அங்கன்வாடியில் மாதாமாதம் பார்க்கிறார்களா? எடை ஏறிக்கொண்டு வந்தால் கவலையே வேண்டாம். ஏறவில்லை என்றால் தோஷம் கழிக்கப் போகாமல் குழந்தைகள் டாக்டரிடம் போங்கள்.

அதற்காக மாமியாரை ஒதுக்கித் தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்லும் காரணம்தான் தவறு, குழந்தையைத் தேரையிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது நூற்றுக்கு நூறு சரி. தவளை, தேரை, ஆமை எல்லாம் சால்மோனெல்லா என்ற கிருமியை எந்த நோய்க்குறியும் இல்லாமல் வயிற்றில் வைத்திருக்கலாம். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை, மீன் தொட்டியில் வளர்க்கும் சின்ன ஆப்பிரிக்கத் தவளைகளால் 370-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றியது, அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பலர் தவளையைத் தொட்டதுகூட இல்லை, தொட்டித் தண்ணீர் மூலம் வந்தது. 5 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வகைப் பிராணிகள் வேண்டாம் என்பதே மருத்துவர்கள் சொல்வது. இருந்தே ஆக வேண்டும் என்றால் தொட்டி பாப்பாவின் கைக்கு எட்டாத இடத்தில், மூடி போட்டு இருக்கணும். சமையலறைத் தொட்டியில் (சிங்க்கில்) அதன் பாத்திரங்களைக் கழுவவே கூடாது. தொட்டியைத் தொட்டவர் யாரானாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பாப்பாவைத் தூக்கணும்.

வெயில்தான் நோய்

உங்கள் கடிதத்தில் விஷம், தோஷம், வனத்துறை மூன்றும் வருகின்றன, வெயில் மட்டும் ஒரு வரியில்கூட இல்லை. எனக்கு அந்தத் தேரை செத்த நாளைப் படித்ததும் மனதில் பட்டது வெயில்தான். சித்திரைத் திருவிழா நேரம், பூட்டிய வீடு, மொட்டைமாடிக்கு நேர் கீழே அறை, இரண்டடித் தொட்டி, மேலே விளக்கு வேறு எரிந்திருக்கும். உடலைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நான் பந்தயம் கட்டுவது வெப்பத்தின் மேல்.

இந்தத் தேரைக்குச் சுகமான வெப்பம் 18 முதல் 24 டிகிரி வரை. 28-ஐத் தாண்டி நாள்கணக்கில் இருந்தால் துவண்டுவிடும். மதுரையில் மே மாதம் பகலில் 38, 40 டிகிரி, விடியற்காலையில்கூட 26-க்கு வெகு கீழே போவது அபூர்வம். அதாவது நமக்குக் கொஞ்சம் காற்று வந்து கண் அசரும் அந்த நேரமே அதற்கு உச்சி வெயில். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் வீரியம் கூடுகிறது, கிருமி பெருகுகிறது, தேரையின் உடம்பு வேகமாக எரிந்து அதிகத் தீனி கேட்கிறது, ஆனால் துவண்டு கிடப்பதால் தின்பதில்லை. தொடை உட்புறம் சிவந்து ரத்தம் கட்டினாற்போல் ஆனால் அது கிருமி இரத்தத்தில் ஏறியதன் அடையாளம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியவை சில. தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள், அதற்கு ஜன்னல் வெளிச்சம் போதும். வீட்டிலேயே குளிர்ந்த மூலையில், முடிந்தால் வடக்குப் பக்கச் சுவரோரம், தரையோடு தரையாக வையுங்கள், அலமாரி மேல் வேண்டாம் (பாப்பா இருப்பதால் தரையில் வைத்தால் மூடியை இறுக்கிக் கட்டணும்). கண்ணாடி மூடிக்குப் பதில் வலை மூடி போட்டு, மேலாக மேசை மின்விசிறிக் காற்று உரசிப் போகும்படி வையுங்கள். நம் ஊர்க் கோடைக் காற்று வறண்டது, பானைத் தண்ணீர் குளிர்வது போலத் தொட்டித் தண்ணீரும் ஆவியாகிச் சில டிகிரி குளிரும். தொட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு கட்டலாம். கரையில் ஒரு மண்சட்டியைப் பாதி உடைத்துக் கவிழ்த்து ஈரமாக வைத்தால் உள்ளே போய் ஒண்டிக்கொள்ளும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி ஒரு மூலையில் மட்டும் வையுங்கள், வேண்டிய தேரை பக்கத்தில் போகட்டும், வேண்டாதது விலகட்டும். ஐஸ் கட்டியை நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். ஃப்ரிட்ஜுக்குள் பத்து நிமிஷம் வைத்து எடுத்தால் என்ன என்று என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார், அதையும் செய்யாதீர்கள், திடீர் குளிர் திடீர் சூட்டைப் போலவே கொல்லும். மீன் கடையில் சின்னத் தெர்மாமீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கி ஒட்டிவிட்டு, காலையும் மத்தியானமும் பையனை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அடுத்த சித்திரையில் தண்ணீரை 26-க்குக் கீழே வைக்க உங்கள் மாடி வீட்டில் ஏசி இல்லாமல் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி மட்டும் ஓடும் ஏசியும் போதாது, பகல்தான் கொல்கிறது.

தொட்டியும் தீனியும்

கடைக்காரர் மீன் மாதிரி என்றார், அது தவறு. இது பாதி நேரம் நீரில், பாதி நேரம் கரையில். தொட்டியில் பாதிக்குக் கூழாங்கல், மண், பாசி வைத்துக் கரை கட்டி, மறுபாதியில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும், தண்ணீரிலிருந்து ஏறச் சரிவு வேண்டும். இப்போது இருப்பது போல் முழுக்கத் தண்ணீரும் நடுவில் ஒரு கல்லும் என்றால் களைத்துப்போகும். ஈரக் கண்ணாடியில் மூலைவழியே ஏறி வெளியே வரும் என்பதால் மூடி கட்டாயம்.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் விட்டு ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்புச்சத்து இருக்காது. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரையாவது மாற்றணும், கோடையில் இரண்டு முறை. அப்புறம் ஒன்று, எழுதுவதற்குள் மறந்துவிடுவேன்: அந்த அறையில் கொசுவத்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே, சாம்பிராணிப் புகை எதுவும் கூடாது. நமக்கு மூக்கு எரிவதோடு போகும், ஈரத்தோல் பிராணிக்கு அது நேராக உடம்புக்குள் போகிறது. கை கழுவிய சோப்பு, சானிடைசர் மிச்சமும் அப்படித்தான், ஆகவே தொடுமுன் வெறும் தண்ணீரில் அலசணும், தொட்ட பின் சோப்புப் போடணும்.

உருண்டைத் தீனியைத் தொடாததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. அசையாத எதுவும் அதன் கண்ணுக்கு உணவே இல்லை. இன்னொரு விஷயம், நம் ஊர்ச் சொறித்தவளை மாதிரி இதற்கு நாக்கை வீசிப் பிடிக்க வராது, நாக்கு வாயோடு ஒட்டிக் கிடக்கும். பாய்ந்து போய் வாயால் கவ்வும், பெரிய இரையென்றால் கையால் உள்ளே தள்ளும். உயிருள்ள சின்னச் சிள்வண்டு, மண்புழு இரண்டும் நல்ல தீனி. மண்புழு உரம் போடுகிறவர்களிடம் புழு கிடைக்கும், கழுவிக் கொடுங்கள். வளர்ந்த தேரைக்கு வாரத்தில் மூன்று நாள், ஒரு வேளைக்கு நாலைந்து பூச்சி. வாரம் ஒன்றிரண்டு தடவை பூச்சியின் மேல் கால்சியமும் வைட்டமின் டி3-யும் கலந்த பொடியைத் தூவணும், இல்லாவிட்டால் எலும்பு வளையும். வீட்டில் பிடித்த கரப்பான் வேண்டாம், எந்த மருந்தைத் தின்று வந்ததோ தெரியாது.

மெலிந்த தேரையைத் தனி டப்பாவில் வையுங்கள், மற்ற மூன்றும் இரையைப் பிடுங்கிவிடும். ஒரு சின்ன மண்புழுத் துண்டை மழுங்கிய இடுக்கியில் பிடித்து வாய்க்கு முன்னால் ஆட்டிக் காட்டுங்கள். குளிர்ந்த இடத்தில் மூன்று நாள் முயன்றும் கவ்வவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். போவதற்கு முன் போன் செய்து, தவளை இனம் பார்ப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாரும் பார்ப்பதில்லை. வெயில் ஏறுமுன் காலையில் போங்கள், ஈரப் பாசியோ ஈரத் துணியோ வைத்த டப்பாவில், தண்ணீர் நிரப்பாமல்.

போலீஸ் வருமா?

நான் வக்கீல் இல்லை, பிராணி மருத்துவர் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்படி, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், 2024-இல் அதற்கு விதிகளும் வந்தன. இந்த நெருப்பு வயிற்றுத் தேரை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கீழ்வீட்டுக்காரர் சொல்வது போல வீட்டில் வைத்திருப்பதற்காக மட்டும் யாரும் உங்களைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் உயிருள்ள பிராணியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர உரிமமும் பிராணித் தொற்றுத்தடுப்பு (குவாரன்டைன்) சான்றும் வேண்டும், பிராணிக் கடை நடத்துகிறவர் 2018 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அந்த நண்பரிடம் பில் இருக்கிறதா, இந்தியாவிலேயே பெருக்கிய குஞ்சா, இறக்குமதியா என்று கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

இதில் இரண்டு கவனம். வளர்த்த பிராணியைப் பட்டினியில், தாகத்தில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், ஆகவே வைத்திருப்பதைவிடக் கண்மாயில் விடுவதில்தான் சட்டச் சிக்கல். அடுத்து, இது போனால் என்ன, கண்மாயிலிருந்து நம்ம ஊர்த் தவளையைப் பிடித்துத் தருகிறேன் என்று பையனைச் சமாதானப்படுத்தாதீர்கள். நம் ஊர்ப் பெரிய தவளையும் பச்சைத் தவளையும் 1985-லிருந்தே சைட்டிஸ் பட்டியலில் உள்ளவை. தவளைக்கால் ஏற்றுமதிக்காகக் கோடிக்கணக்கில் பிடித்து, 1987-இல் தடை போட்ட பிறகுதான் அவை தப்பின.

இனி என்ன செய்யலாம்?

இரண்டு வருஷம் என்று கடையில் சொன்னதை மறந்துவிடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது 10, 15 வருஷம் இருக்கும். பையன் காலேஜ் முடிக்கும் வரை ஒவ்வொரு கோடையையும் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும், அவன் இல்லை.

பகலெல்லாம் குளிர்ந்திருக்கும் ஓர் அறையை உங்களால் தர முடியும், பாப்பாவுக்கு ஐந்து வயது ஆகும் வரை அந்த அறைக்குத் தாழ்ப்பாள் போட முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில், ஒரே சம்பளத்தில் அது கஷ்டம் என்று உங்கள் கடிதத்தை வைத்து எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் விற்ற கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று நண்பர் மூலம் கேளுங்கள், பணம் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை. இல்லையென்றால் இந்த இனத்தை ஏற்கெனவே குளிர்ந்த அறையில் வளர்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் ஊர் மருத்துவரிடமும் மீன் வளர்ப்பவர்களிடமும் விசாரித்தால் ஆள் கிடைப்பார், தொட்டியை நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அதுவரைக்கும் மேலே சொன்ன மின்விசிறியும் சாக்கும் மண்சட்டியும் உதவும். ஆடி தாண்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம், ஐப்பசி மழை வந்துவிட்டால் தை வரை அதற்குக் கஷ்டம் குறைவு, ஆகவே அவசரப்பட்டு யாரிடமாவது தள்ளிவிட வேண்டாம், அடுத்த பங்குனிக்குள் முடிவு செய்தால் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கொடைக்கானலில் சொந்தக்காரர் இருக்கிறார், அங்கே குளிர்ச்சிதானே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மேலூரில் தப்பினால் வெயிலே முடித்துவிடும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் தப்பினால் பிழைத்துக்கொள்ளும், பெருகக்கூடும், அங்கே வேறெங்கும் இல்லாத மலைத் தவளைகள் இருக்கின்றன.

பையனைப் பற்றி. அவனிடமிருந்து ராத்திரியோடு ராத்திரியாக எடுத்து மறைத்துவிடாதீர்கள். தெர்மாமீட்டர் நோட்டை அவனே எழுதட்டும், இரண்டு வாரத்தில் எண்களை அவனே பார்ப்பான், கொரியாவில் இதே மாதம் எவ்வளவு என்று போனில் தேடி எதிரில் எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் நாளில் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், தீனி எப்படி வைப்பது என்று புது ஆளுக்கு அவனே சொல்லட்டும். மழைக்காலத்தில் மாமியார் ஊருக்குப் போகும்போது, நல்ல மழை பெய்த ராத்திரி ஒரு டார்ச்சோடு அவனைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப்போங்கள், பாட்டியும் வரட்டும், எந்தச் சத்தம் எந்தத் தவளை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். (பாம்பும் இரை தேடி வரும் நேரம் அது, செருப்பில்லாமல் போக வேண்டாம்.)

அதற்கு முன் இன்று சாயங்காலம் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளி அமைதியாக உட்காரட்டும், கையை உள்ளே விட வேண்டாம். தேரைகளின் கண்ணை மட்டும் பார்க்கட்டும், கறுமணி வட்டமாக இருக்காது, முக்கோணமாக இருக்கும். எந்தத் தேரை முதலில் கரைக்கு வருகிறது, எத்தனை நிமிஷத்தில் வருகிறது என்று எழுதி வைத்து, அடுத்த வாரம் தெர்மாமீட்டர் கணக்கோடு சேர்த்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மெலிந்த தேரையின் படத்தையும், தொடைப் பக்கம் தெரியும்படி, அதோடு அனுப்புங்கள்.